கதிரைகளுக்கு நடந்த பிங்கோ

நாங்கள் விட்டுவந்த ஊரின் ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்க்க, இங்கே ரோவில் என்ற புறநகரின் மண்டபத்தில் சங்கத்தால் பிங்கோ என்ற நம்பர் விளையாட்டு வைத்தோம். காசு வைத்து ஆடுவதால் அதற்கு அரச அனுமதி வேண்டும்; அதை எடுத்தவர் கோட் போட்ட ஓர் அங்கிள். பெர்மிட்டை லாமினேட் செய்து கழுத்தில் தொங்கவிட்டு, யாரோடு கதைத்தாலும் அதைத் தடவிக்கொண்டே இருப்பார்.

ஆறு மணி என்றால் எட்டுக்குப் போவதுதானே எங்கள் வழக்கம். பட்டுச்சேலையோடு போய் இறங்கினால், ஒருவரும் உட்காராத கதிரை வரிசைகளுக்கு முன்னால் நின்று அவர் மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"விளையாட்டு முடிஞ்சுது. பெர்மிட்டில ஆறிலயிருந்து எட்டு எண்டுதான் கிடக்கு."

"ஒருத்தரும் வரேல்லையே அங்கிள், ஆருக்கு நம்பர் கூப்பிட்டனீங்கள்?"

"கதிரையளுக்கு. ஆக்கள் இல்லாட்டிக் கூப்பிடக்கூடாதெண்டு சட்டம் இல்லைப் பிள்ளை."

ஆஸ்பத்திரிக்கு ஒரு டொலரும் சேரவில்லை. அவர் சட்டத்துக்குப் பயந்தாரா, எங்களைப் பழிவாங்கினாரா என்று இன்றும் தெரியாது. எங்கள் சங்கத்தில் சொன்ன நேரத்துக்குத் தொடங்கிய ஒரே நிகழ்ச்சி அதுதான். நேரத்துக்கு வந்திருந்தவை கதிரைகள் மட்டும்தான்.