துவைகல் புதைந்த சரிவு

சிங்கப்பூரில் எண்பதுகளின் தொடக்கம் அது. படிப்பு முடிந்து, கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்கு அழைப்பு வரும்வரை எனக்கு வேலை எதுவும் இல்லை. தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஸ்கேட்போர்டு ஓட்டினால் சத்தம் தாங்காமல் மேலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். கார் நிறுத்துமிடத்துக்குப் போனால் காவலாளி விரட்டினார். என்னோடு ஓட்டியவர்கள் இரண்டே பேர், ஒரு சீன நண்பன், ஒரு மலாய் நண்பன். ஈசூன் பக்கம் அந்த இடத்தைக் கண்டுபிடித்தவன் மலாய் நண்பன்தான்.

அங்கே ஒரு கம்பம், பழைய கிராமக் குடியிருப்பு, இருந்திருக்கிறது. குடியிருந்தவர்களை அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றிவிட்டு, பலகைச் சுவர்களையும் தகரக் கூரைகளையும் பிரித்து எடுத்துப் போயிருந்தார்கள். லாலான் புல்லுக்கு நடுவே சிமெண்டுத் தரைகள் மட்டும் மிச்சம். அவற்றில் ஒன்று, சிவப்புக் காவி போட்டு வழவழவென்று தேய்த்த தரை. சக்கரம் அதில் சத்தமே இல்லாமல் ஓடியது. ஏறித் திரும்ப ஒரு கோடியில் சரிவு இருந்தால் போதும் என்று நினைத்தோம்.

சீன நண்பனின் அண்ணன் கட்டட வேலையில் இருந்தார். அவரிடம் கேட்டு வாங்கிய சிமெண்டைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். தண்ணீருக்குக் கிணறு இருந்தது. சரிவின் வயிற்றை நிரப்பச் செங்கல் துண்டுகள் பொறுக்கினோம், போதவில்லை. கிணற்றடியில் ஒரு துவைகல் கிடந்தது. ஆள் மாற்றி ஆள் சம்மட்டியால் அடித்து அதை உடைத்தோம். அது இரண்டாகப் பிளந்தபோது கத்திக் குதித்தவன் நான்தான். முதல் சரிவு தண்ணீர் அதிகமாகி வெடித்துவிட்டது. அதன் மேலேயே இன்னொரு பூச்சுப் பூசினோம், நின்றது. அப்படி ஒரு பெருமை எங்களுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நடுத்தர வயதுத் தம்பதி இருவர் புல்லை விலக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த அம்மாள் கையில் குடை, அவர் கணவர் கையில் காலிப் பிளாஸ்டிக் பை. தரையின் விளிம்பில் நின்று அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, உள்ள வரலாமா?"

"வாங்க, வாங்க," என்றேன், வீட்டுக்காரன் மாதிரி.

இருவரும் செருப்பைக் கழற்றினார்கள். கொதிக்கிற தரையில் வெறுங்காலோடு ஏறினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் காலில் ஷூ இருந்தது.

அவர்கள் நேராக நடக்கவில்லை. நடுவில் ஓரிடத்தில் திரும்பி, ஒருவர் பின் ஒருவராக நுழைந்து, மறுபடி திரும்பினார்கள். இல்லாத வாசற்படிகள் வழியாகப் போனார்கள். நாங்கள் இத்தனை நாளும் அந்தச் சுவர்களின் ஊடே குறுக்கும் நெடுக்குமாக ஓட்டியிருக்கிறோம்.

"கருவேப்பிலை பறிக்க வந்தோம் தம்பி," என்றார் கணவர். "ஃபிளாட்டுல தொட்டியில வச்சோம், வரவே மாட்டேங்குது."

அந்த அம்மாள் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க ஒரு கல்லு இருந்துச்சே?"

நான் குனிந்து ஷூ நாடாவை இறுக்கினேன். அவர் சீன நண்பனிடம் மலாயில் கேட்டார். அவன் சிரித்த முகமாகச் சரிவைத் தட்டிக் காட்டி, மலாயிலேயே சொன்னான்: "உள்ள இருக்கு ஆண்ட்டி! உடைச்சுப் போட்டுட்டோம்!"

அந்த அம்மாள் சரிவின் மேல் கையை வைத்தார். எடுக்கச் சற்று நேரமானது.

"விடு லா," என்றார் கணவர். "எப்படியும் கவர்மெண்டு இடிக்கத்தானே போகுது."

"நான் ஒண்ணும் சொல்லலையே." என் பக்கம் திரும்பினார். "இதுல என்ன தம்பி செய்வீங்க? செஞ்சு காட்டுங்க, பாப்போம்."

மறுக்க வழியில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஓட்டினேன். அவர்களுடைய கூடத்தைக் கடந்து, சமையலறையைக் கடந்து, சரிவில் ஏறித் திரும்பினேன். "ஐயோ, பாத்து தம்பி, விழுந்துடாதீங்க!" என்று அவர் பதறினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போகும்போது, பின்பக்கத்து மரத்தில் பறித்து நிரப்பிய பையிலிருந்து ஒரு கை கருவேப்பிலையை எடுத்து, "அம்மாகிட்ட குடுங்க," என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"நல்ல ஆளுங்க லா," என்றான் மலாய் நண்பன். அவர்கள் தமிழில் பேசியது எதுவும் அவனுக்குப் புரியவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா இலையை முகர்ந்து பார்த்துவிட்டு, "யாரு குடுத்தா?" என்றார்.

"ஒரு ஆண்ட்டி."

"எதுக்கு?"

குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறும் போனேன். சரிவை நோக்கி வேகமெடுத்தவன், அந்தத் தம்பதி திரும்பிய இடம் வந்ததும் என்னையறியாமல் காலை ஊன்றினேன். ஸ்கேட்போர்டு முன்னே ஓடிவிட, முழங்கை தேய விழுந்தேன். நண்பர்கள் சிரித்தார்கள். முழங்கை வலியைச் சாக்காகச் சொல்லி அதன்பின் போவதை நிறுத்திக்கொண்டேன். மண்வாரி இயந்திரங்கள் வரும்வரை நண்பர்கள் இருவரும் அங்கே ஓட்டினார்கள். அதற்குள் நான் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு ராணுவ முகாமுக்குப் போய்விட்டிருந்தேன்.