பதினான்கு கட்டங்கள்

நான் அப்போது ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். எந்த ஊர் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். என் வீடு தியாகதுருகத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெண்கள் வார்டு மாடியில், எட்டுக் கட்டில்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் தன் மனைவியை அழைத்து வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கரியாலூர்ப் பக்கம் மரவள்ளி போடுகிற குடும்பம். அவள் குரல் கட்டிப்போய்க் கரகரத்தது. ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை.

"ஒம்போது நாளா கண்ணே மூடலைங்க. பேசிக்கினே இருக்குறா. சாப்புடவும் மாட்டேங்குறா" என்றார் கணவர். அவருடைய கண்களும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

ஆண்களை மாடியில் தங்க விடமாட்டோம். அவரைக் கீழே உட்காரச் சொல்லிவிட்டு அவளை மேலே கூட்டிப்போனேன். முதலில் அமைதியாகத்தான் வந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்ணுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், "வெசம் ஏத்துறாங்க" என்று பாய்ந்து ஊசியைப் பிடுங்கிவிட்டாள். தடுக்கப்போன உதவியாளர் அம்மாவைத் தள்ளினாள். அந்த அம்மா சுவரில் மோதி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் போனில் ஊசி போடச் சொன்னார், மருந்து வேலை செய்கிற வரைக்கும் கட்டிவைக்கச் சொன்னார்.

காடாத்துணியைக் கிழித்துத் தைத்த பட்டைகள் எங்களிடம் இருந்தன. நானும் மூத்த நர்ஸும் சேர்ந்து கட்டினோம். துணிக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் போக இடம் விட வேண்டும். விட்டேன். நான் கவனிக்காதது வேறொன்று. அவளுடைய வலது மேல்கை, கட்டிலின் பக்கவாட்டு இரும்புச் சட்டத்தின் மேல் அழுந்தியபடி கிடந்தது.

கட்டிய ஆளைக் கால் மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். கை நிறம், விரல் அசைவு, மூச்சு, தண்ணீர். இதற்கென்று ஒரு தாள் உண்டு. ஒவ்வொரு கால் மணிக்கும் ஒரு கட்டம். அவளைக் கட்டியபோது மணி பத்தே முக்கால்.

முதல் கால் மணி ஆவதற்குள் குளியலறையில் ஒரு வயதான அம்மா வழுக்கி விழுந்து மண்டை உடைந்துவிட்டது. ரத்தத்தை நிறுத்தி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, அவரை ஏற்றி அனுப்பவே பன்னிரண்டு ஆகிவிட்டது. உதவியாளர் அம்மா முதுகு வலியென்று கீழே படுத்திருந்தார். மூத்த நர்ஸ் ஆண்கள் வார்டுக்குப் போயிருந்தார். பிறகு மதியச் சாப்பாடு, மாத்திரை, புதிதாக வந்த இரண்டு பேர்.

இத்தனைக்கும் நடுவே அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"சிஸ்டரம்மா, கையி எரியுது. சிஸ்டரம்மா."

எனக்குக் கேட்டது. காலையிலிருந்து எதையாவது சொல்லிக்கொண்டேதானே இருக்கிறாள், இதுவும் அதில் ஒன்று என்று நினைத்தேன். தண்ணீர் கேட்டாள். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு மருந்து அறைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் ஊசி மருந்து வேலை செய்து, "கையி, கையி" என்று குழறலாக மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. சத்தம் அடங்கியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

இரண்டே கால் மணிக்குக் கட்டை அவிழ்த்தேன். அரைத் தூக்கத்தில் இருந்தாள். கையைத் தூக்கச் சொன்னேன். இடது கை வந்தது. வலது கையில் முழங்கை மடங்கியது. மணிக்கட்டு தொங்கியது. விரல்களை நீட்டச் சொன்னேன், நீட்ட முடியவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாருடையதோ என்பது போல.

மூத்த நர்ஸிடம் ஓடினேன். நல்லவர். எனக்கு வேலை கற்றுத் தந்ததே அவர்தான். வந்து பார்த்தார். பிறகு தாளை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"டாக்டர் வந்துடுவாரு. இத்த முடிச்சு வெச்சிடு."

"நான் போயி பாக்கவே இல்லியேக்கா."

"அந்தக் கெழவிய காப்பாத்திக்கினு இருந்த. ஒரே ஆளு ரெண்டு எடத்துல எப்பிடி இருப்ப? எழுதும்மா."

அவர் மிரட்டியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன். அவ்வளவு பரிவாகச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து பதினான்கு கட்டங்களையும் நிரப்பினேன். கை நிறம் இயல்பு. விரல் அசைவு உண்டு. ஒரே மூச்சில் எழுதியது போலத் தெரியக்கூடாது என்று பாதியில் பேனாவை மாற்றினேன். இரண்டு இடத்தில் தண்ணீர் கொடுக்கப்பட்டது என்றும் எழுதினேன்.

சாயங்காலம் அவளைப் பார்க்க மேலே வந்த கணவர் கேட்டார். "கையி ஏன் இப்பிடி தொங்குது?"

"தூக்கத்துல கை மேல படுத்திருப்பாங்க. மரத்துப் போயிருக்கும். சரியாயிடும்."

"ஊசி போட்ட தூக்கம். அப்பிடித்தான் இருக்கும்போல" என்று அவரே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

டாக்டர் நரம்பு அழுந்தியிருக்கிறது, மூன்று மாதத்தில் திரும்பும் என்றார். பன்னிரண்டாம் நாள் அவள் வீட்டுக்குப் போனாள். பேச்சு தெளிந்திருந்தது. தொங்கிய மணிக்கட்டைத் தாங்க ஒரு பிளாஸ்டிக் பட்டை. கணவர் என்னிடம் வந்து கும்பிட்டார். "தூக்கம் வந்துடுச்சிங்க. அது போதும்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுமாதம் மாத்திரைக்கு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

ஒருநாள் டாக்டரிடம் போய், அந்தத் தாளில் இருப்பது அத்தனையும் பொய் என்றேன். அன்றிலிருந்து, கட்டிய ஆளின் பக்கத்தில் அவிழ்க்கிற வரை ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவர் விதி வைத்தார். குடும்பத்திடமும் சொல்லிவிட வேண்டும் என்றார். ஆனால் நிர்வாகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவர் அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. நான் ஒரு விடுமுறை நாளில், கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

பஸ்ஸில் பாதிப்பேர் அருவிக்குப் போகிற கூட்டம். கரியாலூரில் இறங்கி, விலாசத்தைக் காட்டி விசாரித்து, காடுகளுக்கு நடுவே அரை மணி நேரம் நடந்தேன். அவள் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி இடது கையில் இருந்தது. வலது உள்ளங்கையால் கிழங்கைத் தரையில் அழுத்திப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். கொல்லையிலிருந்து கணவர் ஓடிவந்தார்.

"நான் கூட்டினு போக வரலைங்க" என்றேன். "ஒன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்."

நின்றபடியே சொன்னேன். இரும்புச் சட்டம், மூன்றரை மணி நேரம், தாள், பேனாவை மாற்றியது. தண்ணீர் கொடுத்ததாக எழுதியதையும் சொன்னேன்.

"குடுக்கலியே" என்றாள் அவள்.

"குடுக்கலை."

"எனக்கு எல்லாம் தெரியும். கூப்டுகினே இருந்தேன். உங்க செருப்பு சத்தம் கேக்கும். வந்துட்டாங்கன்னு நெனப்பேன். அந்தாண்ட போயிடும்." கணவர் பக்கம் திரும்பினாள். "இவருகிட்டயும் சொன்னேன். கனவு கண்டிருப்ப, அப்ப உனுக்கு புத்தி சரியில்லன்னாரு."

"நீ சொன்னப்போ..." என்று அவர் ஆரம்பித்தார்.

கையைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். தூரத்திலிருந்தே காட்டினாள். மணிக்கட்டு நிமிர்ந்திருந்தது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் எழும்பவில்லை. களை வெட்டுகிற கொத்தைப் பிடிக்க வரவில்லையாம். "அது போவட்டும். மவளுக்குத் தல பின்னி வுட முடியல. பக்கத்து வூட்டுல போயி பின்னிக்கினு இஸ்கூலுக்குப் போவுது."

மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தாள். நடுவில் ஒருமுறை மறுபடி தூக்கம் போய், பத்து நாள் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்களாம். பக்கத்திலேயே இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கேட்கலாம், அங்கே யாரும் கட்டமாட்டார்கள் என்றேன்.

"நீங்க மட்டும் கட்டற ஆளாட்டமா இருந்தீங்க? மொகத்தைப் பாத்தா தெரியலியே" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்துச் சொன்னாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

கணவர் பஸ் நிற்கிற இடம் வரை கூட வந்தார். ஒரு தாளில், சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும், மாத்திரைகளின் பெயர் என்ன என்று எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பஸ் வளைவில் தெரிந்தபோது சொன்னார்.

"வந்து சொன்னீங்க, சரி. நான் அவள நம்பாம வுட்டது இப்பதான் தெரியுது. ஆனா இனிமே வராதீங்க நர்சம்மா. இன்னிக்கு அவ உங்களப் பாத்துட்டா. இன்னும் எத்தினி நாளைக்கு தூங்க மாட்டாளோ."

எனக்கு அது தோன்றவே இல்லை. சொல்லிவிட்டால் என் பாரம் குறையும் என்று மட்டும்தான் யோசித்திருந்தேன்.

அவர் சுகாதார நிலையத்துக்குப் போனாரா, அவள் மாத்திரை சாப்பிடுகிறாளா, எனக்குத் தெரியாது. விசாரித்தால் தெரிந்துகொள்ளலாம். வராதீர்கள் என்று அவர் சொன்னதில் விசாரிக்காதீர்கள் என்பதும் சேர்த்தியா என்று முடிவு செய்ய என்னால் இன்றுவரை முடியவில்லை.