மடங்காத விரலின் தாவல்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். இப்போது பிள்ளையார் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் பஜனைக்கு மாண்டலின் வாசிப்பவன் நான். சுனாமியில் முறிந்த இடக்கை மோதிர விரல் பிறகு மடங்கவே இல்லை. நிவாரணத்துக்கு வந்த அமெரிக்கர் ஒருவர், மாலையில் எங்களை வட்டமாக இருத்தி, புளூகிராஸ் என்ற தங்கள் ஊர் இசையைப் பழக்கினார். மெட்டு எல்லாருக்கும் பொது. முறை வந்தால் அவரவர் பாணியில் வாசிக்க வேண்டும். அவர் போனபின் வீட்டில், அந்த விரல் அழுத்தவேண்டிய சுரங்களை விட்டு, தாவித் தாவி வாசித்தேன். அதுவே என் பாணியாயிற்று; ஆனால் வெளியில் யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. அப்படிப் பழகும்போது, மாண்டலின் வாசிக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி, பக்கத்திலேயே இருப்பார்.

யுத்தம் முடிந்தபின் அந்த அமெரிக்கர் மறுபடி வந்தார். எல்லாரும் கூடினோம். எனக்கு முந்தி மச்சானின் முறை. பத்து விரலும் நன்றாக இருக்கிற மனிதர், என் தாவலை அப்படியே வாசித்தார்.

"ஆருட்டப் பழகின நீங்க?" என்று பஜனைக்காரர் ஒருவர் வியந்தார்.

"நானாக் கண்டுபுடிச்சது," என்றார் மச்சான், என் முகத்தைப் பாராமல்.

அடுத்தது நான். அந்த மெட்டுக்கு என்னிடம் வேறு வாசிப்பு இல்லை; அதையே வாசித்தேன்.

"என்ன அண்ணன், மச்சானக் கொப்பி அடிக்கிறீங்க!" என்று சிரித்தார்கள்.

விரலைக் காட்டியிருக்கலாம். மனைவியை நினைத்துக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். பிள்ளையாருக்குத் தெரியும்தானே என்று மனதைத் தேற்றிப் பார்க்கிறேன், இன்னும் ஆறவில்லை.

இதை யாருக்காவது சொன்னால் ஒன்றையும் மாற்றாமல் சொல்லுங்கள். அந்தத் தாவல் விரல் மடங்காத ஒருவனுடையது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.