இருபத்து மூன்றாவது கேள்வி

அவளுக்கு என்ன வேலை என்பது பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூடத் தெரியாது. தெரியக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஒரு செருப்புக் கம்பெனி, தன் பெயரில் கடை நடத்தும் உரிமையைப் பலருக்குக் கொடுத்திருந்தது. அந்தக் கடைகளுக்குச் சாதாரண வாடிக்கையாளரைப் போலப் போய்வந்து, நாற்பது கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று செல்போனில் குறித்து அனுப்ப வேண்டும். வரவேற்றார்களா? உட்காரச் சொன்னார்களா? இரண்டு காலிலும் போட்டுப் பார்க்கச் சொன்னார்களா? டெலிபோன் ஆபீஸில் இருபது வருடம் அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்காமல் இணைப்புக் கொடுத்தவளுக்கு, ஓய்வுக்குப் பிறகு இப்படி ஒரு வேலை. வீட்டுக்காரர் அவளைத் 'துப்பறியும் அம்மா' என்பார். "இன்னைக்கு என் சமையலுக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அவள் நேர்மையானவள். மறுப்பதற்கில்லை. ஆனால் ஒருவரின் நேர்மை யாருக்குப் பயந்து நிற்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். அந்த நாற்பதில் அது இல்லை.

அன்று மழை ஓய்ந்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் செருப்பின் வார் அறுந்துவிட்டது. நடிப்பில்லை, உண்மையாகவே அறுந்தது. ஒரு காலை இழுத்துக்கொண்டே கடைக்குள் போனாள்.

"வாங்கக்கா. பார்த்து, தரை ஈரம்," என்றாள் கடைக்காரம்மா. "என்ன, நடுவழியில காலை வாரிடுச்சா?"

"புதுசு ஒண்ணு காட்டுங்க."

கடைக்காரம்மா அறுந்ததைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு எதுக்குக்கா புதுசு? அடி நல்லாத்தானே இருக்கு."

"நீங்களே இப்படிச் சொன்னா வியாபாரம் எப்படி ஆகும்?"

"என் தம்பியும் இதையேதான் சொல்றான். மில் வேலையை விட்டுட்டு, இருக்கிறதையெல்லாம் இதுல போட்டுட்டு, வர்றவங்களைத் திருப்பி அனுப்பறியேன்னு."

பேசிக்கொண்டே மேஜை இழுப்பறையிலிருந்து கனத்த நூலும் ஊசியும் எடுத்தாள். தையல் கோணலாகத்தான் வந்தது. ஆனால் பிடித்துக்கொண்டது. காசு வாங்கவில்லை. "அடுத்த மாசம் புது மாடல் வருது, அப்ப வாங்க" என்றாள்.

இருபத்து மூன்றாவது கேள்வி: வாடிக்கையாளரின் பழைய காலணியைக் கடையில் பழுதுபார்த்தார்களா?

எங்கோ ஒரு கடையில் ஒட்டிக் கொடுத்த அடிப்பாகம் பிய்ந்து, ஒருவர் படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கம்பெனியின் பெயர் கெட்டது. கடையில் எதையும் பழுதுபார்க்கக்கூடாது என்ற விதி அதன் பிறகு வந்தது. அதை எழுதியவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. மூன்று குறைகள் பதிவானால் உரிமை ரத்து. இந்தக் கடைக்கு ஏற்கெனவே எத்தனை என்பது அவளுக்குத் தெரியாது.

"இல்லைன்னு போட்டுட்டுப் போயேன்," என்றார் அன்று இரவு வீட்டுக்காரர். "யாரு குடி முழுகப் போகுது?"

"கடையில கேமரா இருக்குங்க. அதை வெச்சு என் பதிலைச் சரிபார்ப்போம்னு எழுதி வாங்கியிருக்காங்க. மாட்டினா எனக்கு வேலை போயிடும்."

"அப்ப கேமராவையே கேட்டுக்க வேண்டியதுதானே. உன்னை எதுக்கு அனுப்பறான்?"

அவள் செல்போனை எடுத்தாள். 'ஆம்' என்பதை அழுத்தினாள். ஏன் என்று எழுத இடம் விட்டிருக்கவில்லை.

அவளுக்கு அனுப்பும் கடைகளின் அடுத்த பட்டியலில் அந்தக் கடையின் எண் வரவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அலுவலகத்தில் அறிக்கைகளை வாங்கும் அதிகாரிக்குப் போன் செய்தாள்.

"அதுவா மேடம்? மூணாவது குறை. எடுத்தாச்சு. உங்க ரிப்போர்ட் ரொம்பத் தெளிவா இருந்துச்சு."

"கேமராவுல பார்த்தீங்களா?"

"அதெல்லாம் யாருக்கு மேடம் நேரம் இருக்கு? இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை."

அன்று மதியம் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வீட்டுக்காரர் மார்க் கேட்கவில்லை. பயந்தது ஒரு கேமராவுக்கு என்று நினைத்திருந்தாள். கேமராவுக்குப் பின்னால் ஆளே இல்லை. அப்படியானால் அந்த 'ஆம்' முழுக்க அவளுடையது.

மறுநாள் காலை, மறுபடி போகக்கூடாது என்று ஒப்பந்தம் சொன்ன இடத்துக்குப் போனாள். பெயர்ப்பலகையை இறக்கியிருந்தார்கள். உள்ளே கடைக்காரம்மா பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கடை இல்லைக்கா. மூடிட்டோம்."

"தெரியும். நான்தான் எழுதிக் கொடுத்தேன். நீங்க தைச்சுக் கொடுத்தீங்கன்னு."

கடைக்காரம்மா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

"தைச்சதுக்கா? மூணாவது எதுன்னு அவங்க சொல்லவே இல்லைக்கா. முதல் ரெண்டும் என் தப்பு, நேரத்துக்குக் கடை திறக்கலை. மூணாவது யார்கிட்ட முகம் சுளிச்சேன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சுபோச்சு. ஒரு பெரியவர்கிட்ட வெடுக்குன்னு பேசினேன், அவராத்தான் இருக்கும்னு தினமும் அவரைத் திட்டிட்டிருந்தேன்."

"அவர் இல்லை."

"வேற மாதிரி எழுதியிருக்க முடியாதாக்கா?"

கேமராவைப் பற்றிய பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இவள் நம்பிவிடுவாள், ஆறுதல்கூடச் சொல்வாள்.

"முடிஞ்சிருக்கும்," என்றாள். "யாரும் பார்த்திருக்க மாட்டாங்க."

கடைக்காரம்மா பெட்டிப் பக்கம் திரும்பினாள். போகவும் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. ஒட்டும் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். பெட்டியின் மூடி நிற்காமல் எழும்பியது.

"இந்தப் பக்கம் அழுத்திப் பிடிங்க."

அவள் குனிந்து பிடித்தாள். அந்தப் பெட்டி முடிந்ததும் கடைக்காரம்மா அடுத்ததை அவள் முன்னால் தள்ளினாள்.