தனியாகக் குளிக்க முடியுமா?

முதியோர் உடல்நிலை ஆய்வுக்காக ஜமுனாமரத்தூர் பக்கம் முன்பு பார்த்தவர்களையே மறுபடி பார்த்து, அதே கேள்விகளைக் கேட்டு வந்தேன். மேடேறி மேடேறி எனக்கே முழங்கால் வலித்தது.

ஒரு வீட்டில் கண் மங்கிய பெரியவர். தனியாகக் குளிக்க முடியுமா என்று போன தடவை கேட்டபோது, "அதுக்கு இன்னாங்க, குளிக்கிறேன்" என்றார்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சிரித்தார். "நான் தண்ணி மொண்டு ஊத்தி, முதுகு தேய்ச்சி, கையப் புடிச்சி வூட்டுக்குள்ள கூட்டியாருவேன். இவுரு குளிச்சிட்டேன்னு சொல்லுவாரு."

இந்தத் தடவை பெரியவர் மட்டும்தான் இருந்தார். "அவ போய்ட்டா சார்" என்றார்.

தயங்கித் தயங்கி அதே கேள்வியைக் கேட்டேன்.

"முடியலைங்க."

கண்ணும் கைகாலும் அன்றைக்கு இருந்தபடியேதான் இருந்தன. எங்கள் ஆய்வில் மட்டும் அவர் இயலாதவராகிவிட்டார். தண்ணீர் மொண்டு ஊற்றட்டுமா என்றேன்.

"இன்னிக்கு வோணாங்க, குளிருது."

மீதிக் கேள்விகளை மூடி வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.