சிவப்பு நூல் கட்டிய தடி

நடுவதற்கான மல்பெரித் தடிகள் இரண்டையும் அவள் ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தாள். இரண்டும் ஒரு முழ நீளம், சுண்டுவிரல் தடிப்பு. ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. நூல் கட்டாததை என் கையில் தந்தாள்.

“உதென்னடி நூல்?” என்று கேட்டேன்.

“கண்ணூறு படாமல் மாமி கட்டி விட்டவ, அக்கா. வேணுமெண்டால் உங்கடை தடிக்கும் ஒண்டு கட்டிவிடுறன்.”

ஒரு வெறும் தடிக்கு யாரடி கண்ணூறு வைக்கப்போகிறார்கள் என்று நான் சிரித்தேன். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அவள் என் பக்கத்து வளவுக்காரி. அதற்கு முன் இடம்பெயர்ந்தோர் முகாமில் என் பக்கத்து அறைக்காரி. அறை என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஒரு தகரக் கொட்டிலை நடுவில் சேலையால் மறைத்து, அந்தப் பக்கம் அவளும் புருசனும் மூன்று பிள்ளைகளும், இந்தப் பக்கம் நானும் என் கணவரும். பாண் வாங்கினால் பாதி சேலைக்கு அந்தப் பக்கம் போகும். அவள் சுறா வறை வறுத்தால் பாதி இந்தப் பக்கம் வரும். எனக்குப் பிள்ளை இல்லை. சேலைக்குக் கீழால் தவழ்ந்து வந்த அந்த மூன்றும் என் மடியில்தான் வளர்ந்தன. அவை என்னைப் பெரியம்மா என்றன. நான் அவர்களை மகன், மகள் என்றேன். கடைசிப் பெண்ணுக்கு என் பாயில் படுத்தால்தான் நித்திரை வரும். காய்ச்சல் வந்தால் தாயைத் தள்ளிவிட்டு என்னிடம் வருவாள்.

ஆமி பிடித்து வைத்திருந்த எங்கள் ஊர் மயிலிட்டி திரும்பக் கிடைத்தபோது வளவில் ஒரு மரம் இல்லை. நாங்கள் விட்டுப்போன மாவும் இல்லை, வேம்பும் இல்லை. வெயில் சுண்ணாம்புக் கல்லில் பட்டு முகத்தில் அடித்தது. கிழிந்த வலை பொத்துவதற்கு நிழல் தேடி என் கணவர் வீட்டுச் சுவரைச் சுற்றிச் சுற்றி இடம் மாறிக்கொண்டிருப்பார். கெதியாக வளர்கிற மரம் ஏதாவது வைக்கவேண்டும் என்று நான்தான் புலம்பினேன். மருதனார்மடத்தில் அவளுடைய மாமி வீட்டில் வெள்ளை மல்பெரி நின்றது. முகாமில் இருந்தபோது நாங்கள் இரண்டு பேரும் போய் மடி நிறைய ஆய்ந்து தின்ற பழம். பார்க்க வெளிறிப்போய் ஒரு சீருமில்லாமல் இருக்கும். வாயில் வைத்தால் தேன். கறுத்த மல்பெரிபோல உடுப்பில் கறையும் பிடிக்காது. “மாமியட்டைக் கேட்டு இரண்டு தடி வாங்கியாறன். உங்களுக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு” என்றாள். பாதி பாதி. எங்களுக்குள் வேறு கணக்கு எப்போது இருந்தது?

அலவாங்கால் கல்லை உடைத்துக் குழி வெட்டினோம். மருதனார்மடத்துச் செம்மண்ணை உரப்பைகளில் கொண்டுவந்து கொட்டினோம். தடியை ஊன்றி, சுற்றிவரப் பனையோலை மறைப்புக் கட்டி, நான் பிள்ளை பார்ப்பதுபோலப் பார்த்தேன். மீன் கழுவிய தண்ணீர், சாம்பல், ஆட்டெரு என்று எது கிடைத்தாலும் அதற்குத்தான். மரமும் என்னைக் கைவிடவில்லை. இரண்டாவது மாரி மழைக்குக் கூரைக்கு மேலே போய்விட்டது. அவளுடையது அதில் முக்கால்வாசிதான். ஆனால் அதில் பழம் தொங்கியது.

என் மரத்தில் பூ மட்டும் வந்தது. பச்சையாகக் குட்டிக் குட்டி வால்கள்போல் கொத்துக்கொத்தாக வரும். ஒரு கிழமை நிற்கும். பிறகு மஞ்சள் பொடியைக் கொட்டிவிட்டு முற்றம் முழுவதும் விழுந்து கிடக்கும். ஒவ்வொரு முறையும் இந்தத் தடவை நிற்கும் என்று பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் கூட்டி அள்ளினேன்.

அவள் சில்வர் கிண்ணத்தில் பழம் கொண்டுவந்து தருவாள். “உங்கடை பக்கத்து மண் சரியில்லைப் போலை, அக்கா. இன்னும் கொஞ்சம் ஆட்டெரு போட்டுப் பாருங்கோவன்” என்பாள். நான் போட்டேன். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. கருவாடோ, முருங்கையிலையோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியோ போட்டுத்தான் அனுப்புவேன்.

துறையில் மீன் தெரிந்தெடுக்கிற இடத்தில் பெண்கள் கதைப்பது என் காதுக்கும் வந்தது. “அந்த வளவிலை எது காய்ச்சது? அவவின்ரை கைராசி அப்பிடி.” ஒருத்தி இப்படிச் சொன்னபோது அவள் எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். மற்ற விசயங்களுக்கு எனக்காகச் சண்டைக்குப் போகிறவள், அன்று குனிந்து சூடை மீனைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தாள். என் மனம் நோகும் என்றுதான் கேட்காததுபோல் நிற்கிறாள் என்று நினைத்தேன். அதற்கு அவளிடம் மனதுக்குள் நன்றி வேறு சொன்னேன். என்னைப்போல மடைச்சி உலகத்தில் இருப்பாளா?

மார்கழியில் ஒரு காலை சூரிய கிரகணம் வந்தது. கிரகணம் பிடித்திருக்கும் நேரத்தில் காய்க்காத மரத்தை உலக்கையால் அடித்தால் காய்க்கும், அதுவும் பிள்ளை பெற்றவள் அடித்தால்தான் பலிக்கும் என்று அந்தத் துறைப் பெண்களே சொல்லித் தந்தார்கள். எனக்கு நம்பிக்கை பாதி, வெட்கம் பாதி. ஆனாலும் கேட்டேன். வேறு யாரைக் கேட்பேன்? மூன்று பெற்றவள் அவள். தன்னுடைய உலக்கையையே எடுத்துக்கொண்டு வந்தாள். நான் மரத்துக்குப் பின்னால் நின்று மரத்துக்காகப் பதில் சொல்லவேண்டுமாம்.

அவள் உலக்கையால் தட்டிக் கேட்டாள். “காய்ப்பியோ, மாட்டியோ?”

“காய்ப்பன்” என்றேன்.

“காய்ப்பியோ, மாட்டியோ?”

“காய்ப்பன், காய்ப்பன்.”

வெளிச்சம் மங்கிப்போய் முற்றம் ஒருமாதிரிச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. நான் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு என் முதுகைத் தடவினாள்.

அதற்குப் பிறகும் காய்க்கவில்லை. வெட்டிவிட்டு முருங்கை வைக்கட்டுமா என்று கேட்டேன். என் கணவர் விடவில்லை. “மரம் தன்ரை பாட்டுக்கு நிக்கட்டும். உதுக்குக் கீழை இருந்துதானே வலை பொத்துறன்” என்றார். உண்மைதான். பங்குனி வெயிலில் எங்கள் ஒழுங்கையிலேயே அப்படி ஒரு நிழல் இல்லை. படகுக்காரர் வந்திருந்து முந்நூற்றுநாலு சீட்டு விளையாடுவார்கள். அவளுடைய கடைசி மகள் பாயைக் கொண்டுவந்து போட்டுக் பல்கலைக்கழகப் பாடம் படிப்பாள். தாயும் தன் வீட்டுப் பலாக்கொட்டையை இங்கே வந்திருந்துதான் உரிப்பாள்.

போன வருடம் கோயில் திருவிழாவுக்கு அந்த மாமி வந்தார். அவளுடைய வீட்டில் கூட்டம் என்று என் முற்றத்தில் கதிரை போட்டுக் கொடுத்தேன். மனுசி அண்ணாந்து பார்த்தார்.

“அடி ஆத்தை, ஆண் மரம் என்னமாய்ச் சடைச்சிட்டுது!”

“என்ன மரம், மாமி?”

“ஆண் மரம், பிள்ளை. உது பூக்கும், காய்க்காது. நிழலுக்கு உதை விட்டால் வேறை இல்லை. ‘பழத்துக்கு ஒண்டு, நிழலுக்கு ஒண்டு தாங்கோ’ எண்டு அவள்தானே கேட்டு வாங்கினவள். மாறிப்போடக் கூடாதெண்டு காய்க்கிற தடிக்குச் சிவப்பு நூல் கட்டிக் குடுத்தனான்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “ஏன், உமக்கு அவள் சொல்லேல்லையே?”

தேநீர் எடுத்துவருகிறேன் என்று உள்ளே போனேன். குசினியில் தண்ணீர்க் கேத்திலை அடுப்பில் வைத்தேன். மண் சரியில்லை என்றது, ஆட்டெரு போடச் சொன்னது, துறையில் குனிந்து மீன் தெரிந்தெடுத்தது, உலக்கை, முதுகைத் தடவிய கை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பழம் போனதற்காக நான் நோகவில்லை. கேட்டிருந்தால் காய்க்கிற தடியை நானே அவளுக்குக் கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன்.

திருவிழா முடிந்து மாமி போனபின் அவள் வழமைபோல் கிண்ணத்தோடு வந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

“நூல் கட்டினது காய்க்கிற தடி எண்டு உனக்குத் தெரியுமோ?”

அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். மறுத்திருந்தால்கூட நம்பியிருப்பேனோ என்னவோ. அவள் மெதுவாகக் கிண்ணத்தை என் கையில் வைத்தாள்.

“ஓம் அக்கா, தெரியும். எனக்கு மூண்டு பிள்ளையள். உங்கடை வீட்டிலை தின்னப் பிள்ளையளே கிடக்கு? உங்களுக்கு நிழல் போதும் எண்டு நினைச்சனான். பிறகு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை.”

அவள் குரலில் கோபம் இல்லை. ஏளனமும் இல்லை. அரிசி விலை சொல்வதுபோல் சொன்னாள். அந்த மூன்றும் என் பிள்ளைகளும்தான் என்று இத்தனை வருடமாக நான் ஒருத்தி மட்டும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சேலைக்கு அந்தப் பக்கம் அப்படி யாரும் நினைக்கவில்லை.

நான் பழங்களை மரத்தடியில் கொட்டினேன். கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, அப்படியே நீட்டினேன். அவள் கிண்ணத்துக்குள் பார்த்தாள். வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் மத்தியானம் கடைசிப் பெண் பாயும் புத்தகமுமாக வந்து மரத்துக்குக் கீழே படுத்தாள். தாய் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்று அவளுடைய முகத்தைப் பார்க்கவே தெரிந்தது.

“பெரியம்மா, தேத்தண்ணி இருக்கோ?”

ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “இந்தா மகள்” என்றுதான் எப்போதும் கொடுப்பேன். அன்று வாய் திறந்தேன். “இந்தா பிள்ளை” என்று வந்தது. துறையில் எவள் பெற்ற பெண்ணையும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவள் கோப்பையை வாங்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.