முந்தானை ஊக்குகள்

தங்கையின் கல்யாணத்தன்று எங்கள் ஒலிபெருக்கி ஒயரை அறுத்ததே சம்பந்தி வந்த மாட்டுவண்டிதான். அவரோ, "பாட்டு இல்லாத வீட்டுக்குள்ள நான் வரமாட்டேன்" என்று செஞ்சிக் கடைத்தெரு பார்க்க வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சவுண்டு செட்டுக்காரர் மேல்மலையனூர் போயிருந்தார். ஒயரின் தோலைச் சீவக் கத்தி தேட ஏது நேரம்? செட்டருகே நின்ற பையனிடம் அணைக்கச் சொல்லிவிட்டு, முந்தானையில் குத்தியிருந்த இரண்டு ஊக்குகளையும் கழற்றினேன். அறுந்த முனைகளைச் சேர்த்துவைத்து, உள்ளே இருக்கும் செம்புக் கம்பியில் படும்படி அந்த இரட்டை ஒயரில் இழைக்கு ஒன்றாகக் குத்தினேன்.

செட்டைப் போட்டதும் நாகஸ்வரம் தெருவையே தூக்கியது. சம்பந்தி இறங்கினார். அப்பாடா!

தாலி கட்டி முடியும்வரை முந்தானையை இறுக்கிப் பிடித்தபடியே நின்றேன். சம்பந்தி தன் மனைவியிடம் சொன்னார்: "பெரிய பொண்ணப் பாத்தியா, இன்னா அடக்கம்!"